1793 என்பது வரிசை எண் அல்ல

அனுப்புநர்:
ரா. ஆதவன் (வயது 23),
த/பெ. ராமதாஸ்,
எண் 14, மூன்றாவது குறுக்குத் தெரு,
வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

பொருள்: பழைய வீட்டுச் சுவரில் கிடைத்த தொன்மையான ராணுவக் கைத்துப்பாக்கியை உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி எனக் காவல் நிலையத்தில் பதிவு செய்தது – அதன் முத்திரைகளைத் தகுதியானவர் கொண்டு ஆய்வு செய்து பதிவைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கைப்பற்று மகஜர், நாள் 03.10.2025. 2. எனது முந்தைய மனுக்கள், நாள் 13.10.2025 மற்றும் 27.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இயந்திரவியலில் டிப்ளமோ முடித்து, செய்யாறு சிப்காட்டில் உள்ள உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு பொருளை அளந்து, அதன் மேலுள்ள குறிகளைப் படித்து, இது இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. தவறாக எழுதினால் சரக்கு மொத்தமும் திரும்பி வரும். யார் கையெழுத்து என்று முதலில் பார்ப்பார்கள். இந்த மனுவையும் அந்தப் பழக்கத்திலேயே எழுதுகிறேன். எங்காவது மரியாதைக் குறைவாகத் தோன்றினால் அது பழக்கம்தான், நோக்கம் அல்ல.

2. கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா ரா. எழிலரசி (வயது 25) இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குத் தேர்வாகியுள்ளார். 01.12.2025 திங்கள்கிழமை காலை பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். அதற்கு முன் எங்கள் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து அவரது நன்னடத்தைச் சரிபார்ப்பு அறிக்கை போக வேண்டும். அது போகவில்லை. காரணம், அவரே தன் கையால் கொண்டுபோய் ஒப்படைத்த ஒரு பழைய துப்பாக்கி. அதை நாட்டுத் துப்பாக்கி என்று எழுதி வைத்துவிட்டார்கள். அது ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுப் பழமையான, சுட முடியாத, ராணுவக் கைத்துப்பாக்கி. விவரம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் பார்த்தால் விளங்கிவிடும். அந்த அரை மணி நேரம்தான் முப்பத்தெட்டு நாட்களாகக் கிடைக்கவில்லை.

3. கிடைத்த விதம்: பெரிய கோயிலுக்கு மேற்கே உள்ள சந்து ஒன்றில் என் தந்தை பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினார். அவர் இருசக்கர வாகன மெக்கானிக். அந்த வீட்டை இதுவரை பழைய டயர், உதிரி சாமான் போட்டு வைக்கத்தான் பயன்படுத்தினோம். பட்டறையாக மாற்றிக் கட்டுவதற்காக 27.09.2025 சனிக்கிழமை இடித்தோம். உள்சுவரில் ஒரு மாடம் செங்கல் வைத்து, சுண்ணாம்புச் சாந்து பூசி அடைக்கப்பட்டிருந்தது. கொத்தனார் மூர்த்தி கடப்பாறையால் தட்டியபோது உள்ளே வெற்றிடமாகச் சத்தம் வந்தது. உடைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பொம்மைத் துப்பாக்கி ஒன்னு கீதுப்பா, வந்து பாரு. ஆனா பொம்மைக்கு இவ்ளோ கனம் ஆவாது" என்றார். மெழுகு ஏற்றிய துணியில் சுற்றியிருந்தது. துணி கையில் எடுத்ததும் பொடிந்துவிட்டது. மரப்பகுதியில் பாதியைச் செல் அரித்திருந்தது. சுண்ணாம்புக்குள் காற்றும் ஈரமும் படாமல் இருந்ததால் இரும்பு தப்பித்திருக்க வேண்டும். இந்த வீட்டில் எங்களுக்கு முன் இருந்தவர்கள் வளையல் கடைக்காரர்கள். அவர்களுக்கும் அந்த மாடம் இருந்ததே தெரியாது என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

4. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அதை ஆராய்ந்தேன். மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றியதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. வெர்னியர் கொண்டு அளந்தேன். பக்கவாட்டு வெளிச்சம் வைத்து நாற்பத்தொரு புகைப்படங்கள் எடுத்தேன். ஒவ்வொரு குறியின் மேலும் பட்டர் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன். கண்டவை:

(அ) குழலின் நீளம் 229 மில்லிமீட்டர். அதாவது ஒன்பது அங்குலம். அங்குலக் கணக்கில் முழு எண்ணாக வருகிறது. உள்விட்டம் வாயருகே 16.9 மில்லிமீட்டர். அடித்துச் சேர்த்த இரும்பு. வெல்டிங் தடம் எங்கும் இல்லை. நாட்டுத் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் தண்ணீர்க் குழாயை வெட்டிப் பற்றவைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது அப்படிச் செய்யப்பட்டதல்ல.

(ஆ) குழலின் மேல்புறம், பின்முனை அருகே இரண்டு சிறு முத்திரைகள். ஒன்று கிரீடமும் அதன் கீழ் 'வி' என்ற ஆங்கில எழுத்தும். மற்றொன்று கிரீடமும் அதன் கீழ் 'ஜி', 'பி' இரண்டும் பின்னிய வடிவமும். இவை லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கத்தின் சோதனை முத்திரைகள். குழலில் அதிக வெடிமருந்து வைத்து வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் குத்துவார்கள். நாங்கள் இன்று தேறிய பொருளின் மேல் புள்ளி குத்துவதும் இதே வேலைதான்.

(இ) பக்கவாட்டில் உள்ள இரும்புத் தகட்டில் ஓர் இதய வடிவம். அது குறுக்குக் கோடுகளால் நான்கு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, அறைக்கு ஒன்றாக 'வி', 'இ', 'ஐ', 'சி' என்று ஆங்கில எழுத்துகள் உள்ளன. இதயத்தின் உச்சியில் 4 என்ற எண்ணைப் போன்ற ஒரு குறி. இது கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்குக் குறி. கம்பெனி காலத்துச் செப்புக் காசுகளிலும் இதே குறி உண்டு. நாணயம் சேகரிப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

(ஈ) அதே தகட்டின் பின்பகுதியில் செய்தவரின் பெயரும் அதற்குக் கீழ் 1793 என்ற ஆண்டும். பெயரில் கடைசி மூன்று எழுத்துகள்தான் படிக்க முடிகிறது. மீதியை ஊகித்துச் சொல்ல நான் தயாராக இல்லை.

(உ) கைப்பிடியின் அடியில் உள்ள பித்தளை மூடியில் 'சி' என்ற எழுத்தும் 37 என்ற எண்ணும். குதிரைப் படையில் எந்தப் பிரிவு, ஆயுத அலமாரியில் எத்தனையாவது இடம் என்பதற்கான குறியாக இருக்கலாம். இது என் கருத்து மட்டுமே.

(ஊ) இது சிக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி எழுப்பும் வகை. கல் இல்லை. கல்லைக் கவ்வும் சுத்தியின் திருகும் இல்லை. உள்ளே இருக்கும் முக்கியமான வில் இரண்டாக ஒடிந்துள்ளது. பற்றவைக்கும் துளையிலிருந்து குழலின் சுவரில் 31 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு. இதில் மருந்து வைத்தால் எதிரில் நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது; பிடித்திருப்பவர் கை போகும். பழுது பார்க்கவும் வழியில்லை. குழலை மாற்ற வேண்டும், பொறியை மாற்ற வேண்டும். அவற்றை மாற்றினால் அது வேறு துப்பாக்கி.

5. இதன் பூர்வீகம் பற்றி ஊரில் ஒரு கதை கிளம்பியிருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அருண்பிரசாத் இதைப் படம் பிடித்து 'திப்பு சுல்தான் துப்பாக்கி, நம்ம ஏரியாவில்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார். இரண்டு நாளில் அறுபது பேருக்கு மேல் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்துப் போர்கள் இந்தப் பக்கம் நடந்தது உண்மை. ஆனால் தகட்டில் இருப்பது அவரை எதிர்த்துச் சண்டை போட்ட கம்பெனியின் குறி. இதை நான் அருண்பிரசாத்திடம் சொன்னேன். "அதனால என்னா ப்ரோ, அவங்ககிட்ட இருந்து புடுங்கி இருப்பாரு" என்றார். யார் கொண்டுவந்தார்கள், ஏன் சுவரில் வைத்து அடைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம்.

6. ஞாயிறு மாலை நான் வேலைக்குச் செய்யாறு திரும்ப வேண்டியிருந்தது. யாரும் தொடக் கூடாது, நான் அடுத்த சனிக்கிழமை வந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். இடையில் 01.10.2025 புதன்கிழமை ஆயுத பூஜை வந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் தாயார் எல்லம்மாள் வீட்டில் உள்ள எல்லா இரும்புச் சாமானையும் கழுவிப் பொட்டு வைப்பவர். அப்பாவின் ஸ்பானர் செட், அரிவாள்மணை, தையல் இயந்திரம் எல்லாவற்றோடும் இதையும் எடுத்து, புளியும் பாத்திரம் தேய்க்கும் தூளும் போட்டு, தென்னை நாரால் அழுத்தித் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூ சுற்றி, பொரி கடலை படைத்துவிட்டார். தொலைபேசியில் நான் சத்தம் போட்டபோது அவர் சொன்னது: "இரும்புன்னு ஒன்னு வீட்ல இருந்தா அதுக்கும் பொட்டு வெக்கணும்டா. எல்லாத்துக்கும் வெச்சிட்டு அத மட்டும் ஒதுக்குனா சாமி குத்தம். எவ்ளோ பளிச்சுனு கீது தெரியுமா, நீ வந்து பாரு."

இருநூறு ஆண்டுத் துரு அரை மணி நேரத்தில் போய்விட்டது. அதோடு இதயக் குறியில் நான்கு எழுத்துகளில் இரண்டு ஏறக்குறைய மறைந்துவிட்டன. பூஜை செய்வது குற்றம் அல்ல என்று நினைக்கிறேன். ஆனால் இதற்குப் பின் நடந்த எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம் இந்தப் பளபளப்புதான். ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்.

7. வியாழன் அரசு விடுமுறை. அன்று அருண்பிரசாத்தின் ஸ்டேட்டஸ் பரவியதைப் பார்த்து என் அக்கா எனக்குப் போன் செய்தார். நான் சனிக்கிழமை வருகிறேன், நீ எதுவும் செய்யாதே என்றேன். அவர் கேட்கவில்லை. "போலீஸ் வேலைக்குப் போறவ வீட்ல துப்பாக்கி இருந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாதுடா. காலைல மொத வேலையா ஸ்டேஷன்ல குடுத்துட்டு ரசீது வாங்கிக்கறேன்" என்றார். 03.10.2025 வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் துணிப்பையில் வைத்து ஸ்கூட்டியில் எடுத்துச் சென்று, எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் பணியில் இருந்த உதவி ஆய்வாளரிடம் கொடுத்தார். பையிலிருந்து வெளியே எடுத்தபோது பூச்சரம் இன்னும் அதன் மேல்தான் இருந்தது.

8. ரசீது தரவில்லை. மாறாக, மாலை வரை உட்கார வைத்து, கைப்பற்று மகஜர் ஒன்று எழுதி, அதில் கையெழுத்து வாங்கி, நகல் கொடுத்து அனுப்பினார்கள். மகஜரில் உள்ள வாசகம்: "எழிலரசி என்பவர் வசம் இருந்து கைப்பற்றப்பட்ட, நன்கு துடைத்து எண்ணெய் இடப்பட்டு பயன்பாட்டில் உள்ள நிலையில் காணப்படும், உள்ளூர்த் தயாரிப்பான நாட்டுத் துப்பாக்கி ஒன்று. வரிசை எண் 1793. தகட்டில் இதய வடிவம். மருந்து வைக்கும் குழியில் மஞ்சள் மற்றும் சிவப்பு நிறப் பொடி. குழல் வாயினுள் எடை குறைந்த வெண்ணிறப் பொருள் நான்கு."

என் விளக்கம் பின்வருமாறு. எண்ணெய் என்பது தேங்காய் எண்ணெய். மஞ்சள் பொடி மஞ்சள். சிவப்புப் பொடி குங்குமம். வெண்ணிறப் பொருள் நான்கும் பொரி. இவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லை. முகர்ந்து பார்த்தால் போதும். இதய வடிவம் பற்றி உதவி ஆய்வாளர் என் அக்காவிடம் சொன்னது: "இன்னாம்மா இது, லவ் சிம்பல் போட்டுக்கீறான். எவனோ லோக்கல் பையன் லவ்வருக்குக் காட்டறதுக்குப் பண்ணியிருக்கான். இதப் போயி வெள்ளைக்காரன் துப்பாக்கின்றீங்க." அது கம்பெனியின் குறி என்பதற்கான படங்களை இணைத்துள்ளேன்.

வரிசை எண் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பட்டறையில் கள்ளத்தனமாகச் செய்யும் நாட்டுத் துப்பாக்கிக்கு யாரும் வரிசை எண் குத்துவதில்லை. எண் குத்தும் அளவுக்கு முறையாகச் செய்யப்பட்டதென்றால் அது நாட்டுத் துப்பாக்கி அல்ல. ஒரே காகிதத்தில் இரண்டும் இருக்க முடியாது. ஏதாவது ஒன்றை நிலையம் கைவிட வேண்டும்.

'கைப்பற்றப்பட்ட' என்ற சொல்லையும் மறுக்கிறேன். கொண்டுவந்து கொடுத்ததைக் கைப்பற்ற முடியாது. நிலைய வாசலில் கண்காணிப்புக் கேமரா உள்ளது. அன்று காலை ஒன்பதரை மணிப் பதிவைப் பார்த்தால் அவர் எப்படி வந்தார் என்பது தெரியும்.

9. என் பக்கத் தவறும் ஒன்று உண்டு. 06.10.2025 திங்கள்கிழமை நான் விடுப்பு எடுத்து நிலையத்துக்குப் போனேன். துப்பாக்கி மேசை மேல் இருந்தது. வில் ஒடிந்திருப்பதை வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாததால், அனுமதி கேட்காமல் அதைக் கையில் எடுத்து, சுத்தியைப் பின்னுக்கு இழுத்து, அது நிற்காமல் தளர்ந்து விழுவதைக் காட்டினேன். பழுதான உதிரிபாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எங்கள் தொழிற்சாலையில் வழக்கம். காவல் நிலையத்தில் அப்படிச் செய்திருக்கக் கூடாது. உதவி ஆய்வாளர் எழுந்து நின்றுவிட்டார். "ஸ்டேஷன்லயே துப்பாக்கிய தூக்கிக் காட்டறியா? நீ என்னா பெரிய மிலிட்டரியா?" என்றார். பென்சில் படிகளை நீட்டினேன். "பேப்பர்ல நீ வரஞ்சு எடுத்தாந்தா நான் நம்பணுமா?" என்றார். அது வரைந்தது இல்லை, தேய்த்து எடுத்தது என்று நான் சொன்ன தொனியும் சரியில்லை என்று என் தந்தை பின்னர் சொன்னார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். என் தொனிக்காக என்னைக் கண்டிக்கலாம். அதற்கும் 1793-க்கும் தொடர்பில்லை.

10. இன்றைய நிலை என்னவென்றால், வழக்கும் பதிவாகவில்லை, விசாரணையும் முடியவில்லை. வழக்கு என்று இருந்தால் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்கலாம். முடிந்திருந்தால் சான்று கிடைக்கும். இரண்டும் இல்லாமல் சரிபார்ப்பு அறிக்கையில் 'ஆயுதம் தொடர்பான விசாரணை நிலுவையில் உள்ளது' என்று மட்டும் எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரி போதும், அவரைச் சேர்க்க மாட்டார்கள். 13.10.2025 அன்று காவல் துறை மேலதிகாரி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தீபாவளி முடியட்டும் என்றார்கள். முடிந்தது. 27.10.2025 அன்று மீண்டும் கொடுத்தேன். தீபம் முடியட்டும், எல்லோருக்கும் பந்தோபஸ்து வேலை இருக்கிறது என்றார்கள். கார்த்திகை தீபத்துக்குப் பல லட்சம் பேர் வரும் ஊர் இது. அந்த வேலையின் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் மகா தீபம் 03.12.2025 அன்று. அக்கா சேர வேண்டிய நாள் 01.12.2025. தீபம் முடிந்தபின் கிடைக்கும் சான்றை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். இதே புகைப்படங்களை வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் ஆயுதப் பிரிவுக்கு மின்னஞ்சல் செய்தேன். முன்பின் தெரியாதவர்கள். இரண்டு நாளில் பதில் வந்தது. குறிகள் 1790-களில் கம்பெனியின் குதிரைப் படைக்கு வாங்கிய கைத்துப்பாக்கிகளோடு ஒத்துப்போகின்றன என்றும், நேரில் பார்க்காமல் சான்று தர இயலாது என்றும் எழுதியுள்ளார்கள். ஆகவே அதைச் சான்றாக நான் காட்டவில்லை. அது ஒரு கருத்து. நேரில் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் நாம்தான்.

11. சட்ட நிலை, நான் புரிந்துகொண்ட வரையில்: ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45-இன்படி, வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த அல்லது தொன்மை மதிப்புள்ள அல்லது சிதைந்த ஆயுதம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாது என்றால், அதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இந்தத் துப்பாக்கி வழக்கொழிந்தது, தொன்மையானது, சிதைந்தது. மூன்றும் சேர்ந்தே இருக்கிறது.

மேலும், இந்தியப் புதையல் சட்டம் 1878-இன்படி, மண்ணிலோ மண்ணோடு சேர்ந்த கட்டடத்திலோ மறைந்திருந்த மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் எழுத்து மூலம் தங்களுக்குத்தான் தெரிவிக்க வேண்டும். இது எனக்கு அக்டோபர் கடைசியில்தான் தெரிந்தது. கண்டெடுத்தவன் நான். தெரிவிக்க வேண்டிய கடமை என்னுடையது. நான் செய்யவில்லை. இந்த மனுவையே அந்த அறிவிப்பாக, காலம் தாழ்ந்த அறிவிப்பாக, ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். பொருளின் மீது எங்கள் குடும்பத்துக்கு எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை. அரசு எடுத்துக்கொள்ளலாம்.

12. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

(அ) துப்பாக்கியைத் தடய அறிவியல் துறையின் துப்பாக்கிப் பிரிவிலிருந்தோ அரசு அருங்காட்சியகத்திலிருந்தோ தகுதியான ஒருவர் 26.11.2025-க்குள் நேரில் பார்த்து, அது எப்போது, எங்கே செய்யப்பட்டது, சுடும் நிலையில் உள்ளதா என்று எழுத்து மூலம் தர உத்தரவிட வேண்டும். என் புகைப்படங்களும் படிகளும் அளவுகளும் தயாராக உள்ளன. சொல்லும் இடத்துக்கு நான் கொண்டுவருகிறேன்.

(ஆ) அதுவரை யாரும் அதை மேலும் துடைக்கவோ தேய்க்கவோ எண்ணெய் இடவோ கூடாது என்று நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். மிச்சமிருக்கும் எழுத்துகள் இரண்டுதான்.

(இ) ஆய்வு முடிவின்படி மகஜரைத் திருத்தி, 'கைப்பற்றப்பட்டது' என்பதை 'ஒப்படைக்கப்பட்டது' என்று மாற்றி, என் அக்காவின் சரிபார்ப்பு அறிக்கையை உரிய நேரத்தில் அனுப்பச் செய்ய வேண்டும்.

(ஈ) இந்த விஷயத்தில் யார் பெயராவது எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், என் பெயரை எழுதலாம். சுவரிலிருந்து எடுத்தவன் நான். உடனே தெரிவிக்காமல் வீட்டில் விட்டுச் சென்றவன் நான். நிலையத்தில் அதை இழுத்துக் காட்டியவனும் நான். என் அக்கா செய்தது ஒன்றுதான்: நான் செய்யத் தவறியதைச் செய்தார். இந்தப் பத்தியை என் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இணைப்புகள்: மகஜர் நகல், 28.09.2025 அன்று எடுத்த புகைப்படங்கள் 41, பூஜைக்குப் பின் என் அக்கா செல்போனில் எடுத்தவை 6, பென்சில் படிகள் 5, அளவுப் பட்டியல், குறிகளுக்கான ஒப்பீட்டுப் படங்கள், மின்னஞ்சல் நகல், வீட்டுப் பத்திர நகல், கொத்தனார் மூர்த்தி, என் தாயார் எல்லம்மாள் ஆகியோரின் எழுத்து வாக்குமூலங்கள், பணி நியமன ஆணை நகல்.

13. இந்த மனுவில் என் அக்காவின் கையெழுத்து இல்லாததற்குக் காரணம் உண்டு. போடச் சொன்னேன். மறுத்துவிட்டார். "ஸ்டேஷன் மேலயே மனு குடுத்துட்டு அதே டிபார்ட்மெண்ட்ல போயி எப்படிடா சல்யூட் அடிக்கறது" என்றார். அவருக்கு இது மூன்றாவது முயற்சி. முதல் முறை எழுத்துத் தேர்வில் போனது. இரண்டாம் முறை நீளம் தாண்டுதலில் மூன்று சென்டிமீட்டர் குறைவு. அளவு சரியாகத்தான் எடுத்தார்கள். அன்று நாங்கள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. அடுத்த நாளே போய் மறுபடியும் தாண்டத் தொடங்கிவிட்டார். இந்த முறை எந்த அளவிலும் அவர் குறையவில்லை. இப்போதும் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடப் போகிறார். பயிற்சிப் பள்ளிக்கு வேண்டிய வெள்ளை கேன்வாஸ் ஷூ வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறார். விசாரணை என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்பதில்லை. நிலையம் சரியாக எழுதும் என்று நம்புகிறார்.

26.11.2025-க்குள் ஆய்வு செய்ய இயலும் என்றால் நாளையும் இடத்தையும் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். இயலாது என்றால் அதையும் எழுத்து மூலம் எனக்கே தெரிவிக்க வேண்டுகிறேன். அவருக்கு அனுப்ப வேண்டாம். அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 10.11.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ரா. ஆதவன்